புறங்கையால் தொடுகிறவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து நின்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி போதாது என்பார். கேமராவுக்கு ஒயர் இழுப்பது அவர் தொழில். சந்தேகப்படுவது அவர் மதம். தொழிலை வாரத்தில் ஆறு நாள் செய்தார். மதத்துக்கு விடுமுறை கிடையாது.

சிதம்பரத்தில் வடக்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. முழுக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு, காதில் பேனா செருகுகிற இடத்தில் டெஸ்டர். எந்தப் பொருளையும் முதல் தடவை தொடும்போது புறங்கையால்தான் தொடுவார். சுவிட்ச் போர்டு, ஃபிரிட்ஜ், இரும்புக் கதவு, இவையெல்லாம் சரி. எங்கள் வீட்டில் ஒருநாள் நான் நீட்டிய காபி டம்ளரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"ஆத்திக் குடுக்கட்டுமாண்ணா?" என்று கேட்டேன்.

"சூட்டுக்கு இல்ல டீச்சர். எவர்சில்வராச்சே," என்றார்.

உள்ளங்கையால் தொட்டால் மின்சாரம் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கையால் தொட்டால் கை தானாக உதறி விலகிவிடும். இது எனக்கும் தெரியும். நான் இயற்பியல் ஆசிரியை. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அடிக்கோடும் இழுக்கிறேன். தெரிந்து வைத்திருப்பது படிப்பு, காபி டம்ளரிடம் அதைக் கடைப்பிடிப்பது பைத்தியம் என்று அந்தக் காலத்தில் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தேன்.

நான் வேலை பார்த்த பள்ளி சிதம்பரத்தில். வீடு கடலூரில், மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி பஸ். அவரை முதலில் பார்த்தது பள்ளியில்தான், 2009 வாக்கில். தலைமையாசிரியர் அறை வாசலுக்குக் கேமரா மாட்ட வந்தவர், முதல் காரியமாக மெயின் போர்டிலிருந்து பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"நீங்க அணைப்பீங்க சார். ஃபேன் ஓடலியேன்னு இன்னொருத்தரு போடுவாரு. பியூஸு என் பையில இருந்தா எவரு போட்டாலும் வராது."

நியாயம்தான். மதியம் ஒயர் தீர்ந்துபோக, வாங்கி வரக் கடலூருக்கு பஸ் ஏறினார். பள்ளியின் பியூஸும் அவரோடு கடலூர் போனது. அன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்கு என்னுடைய மாதிரிச் செய்முறைத் தேர்வு. தலைப்பு மின்சாரம். பிள்ளைகள் அதை மின்சாரம் இல்லாமல் எழுதினார்கள். அவருடைய செல்போனுக்கு அடித்து அடித்துப் பார்த்தோம். அணைத்து வைத்திருந்தார், பஸ் பெட்ரோல் பங்க்கில் நின்றால் ஆபத்தாம்.

மாலை ஐந்து மணிக்கு ஒயர்ச் சுருளோடு வந்து இறங்கினார். தலைமையாசிரியர் வியர்வையில் நனைந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னாய்யா இது, பியூஸை எடுத்துக்கிட்டுப் போயிட்டியே!"

"யாருக்கும் ஒன்னும் ஆவலியே சார்?"

"என்னா ஆவும்? கரண்டே இல்லியே!"

"அதான் சார்," என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

இப்படிப்பட்ட மனிதரை யாராவது வீட்டு வேலைக்குக் கூப்பிடுவார்களா? நான் கூப்பிட்டேன். 2012 ஆடி மாதம். எங்கள் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். அப்போது என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி வேன் அவளை நாலு இருபதுக்கு வாசலில் இறக்கிவிடும். நான் வந்து சேர ஆறரை. புதுச்சேரி ஃபேக்டரியிலிருந்து கணவர் வர எட்டு. நடுவே இரண்டு மணி பத்து நிமிடம் அவள் தனி. அந்த நேரத்தில் என்னென்ன நடக்கலாம் என்று பஸ்ஸிலேயே நினைத்துக்கொண்டு வருவேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அவளை மூன்று முறை கடத்தியிருப்பார்கள்.

ஆக, கேமரா. பாதி நாள் கரண்ட் இல்லாத அந்த வருடத்தில் கேமரா வாங்கியவள் நான். பகலில் பாதி நேரம் தூங்கும் காவல்காரனை விழிக்க வைக்க ஓர் இன்வெர்ட்டரும் வாங்கினோம். போர்டிகோவில் ஒரு கேமரா, ஹாலில் பதிவுப் பெட்டியும் டி.வி.யும். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மகள் கதவைத் திறப்பாள். இவ்வளவுதான் வேலை. அரை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாள் அவர் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. மொட்டை மாடிக்கு ஏறி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பிறகு கீழே வந்து அது சுவரில் எப்படி இறங்குகிறது என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றார். மறுபடியும் ஏறினார். மறுபடியும் ஊற்றினார். எதிர்வீட்டு மாமா, தாலுக்கா ஆபீசில் ரிட்டையர் ஆனவர், வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னாம்மா, கும்பாபிஷேகமா?"

"கேமராவாம் மாமா."

"கேமராவைக் குளிப்பாட்டுறாங்களா?"

அவருக்கு இதெல்லாம் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. "தண்ணிக்கு அவசரமே இல்ல டீச்சர். இன்னிக்கு வராட்டி அடுத்த வருசம் வரும். நமக்குத்தான் அவசரம். அதான் எப்பவும் அது ஜெயிக்குது," என்றார்.

இரண்டாம் நாள் துளை போட்டார். சுவரில் நேராகத் துளைப்பதுதானே உலக வழக்கம்? இவர் வெளிப்பக்கம் சரிவாகத் துளைத்தார், உள்ளே புகுந்த மழையும் வெட்கப்பட்டுத் திரும்பிப் போகும்படி. அதுவும் போதாதென்று, துளைக்குள் நுழைவதற்கு முன் ஒயரைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு வளைத்தார். ஒயர் வழியாக வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடுமாம். வீட்டின் நெற்றியில் சுட்டி தொங்குகிற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள்தான் சண்டை. ஹாலிலிருந்து போர்டிகோ விளக்குக்கு ஏற்கெனவே ஒரு கரண்ட் பைப் போகிறது. அதிலேயே கேமரா ஒயரையும் நுழைத்தால் பத்து நிமிட வேலை. அவர் சமையலறைப் பக்கமாக வெளியேறி, சன்ஷேடுக்கு அடியில் ஒளிந்து, வீட்டை முக்கால் பிரதட்சணம் வந்து போர்டிகோவைச் சேர்ந்தார். வழியில் கரண்ட் ஒயர் பக்கத்தில் வந்தால் ஒரு முழம் அளந்து விலகினார். குறுக்கே தாண்டியே ஆகவேண்டிய ஓர் இடத்தில், ரோட்டைக் கடக்கிற குழந்தை மாதிரி நேர்க்குறுக்காகத் தாண்டினார்.

"பன்னெண்டு வோல்ட்டுக்கு ஏண்ணா இவ்வளவு?" என்று கேட்டேன். "என் பாடத்துலயே இருக்கு. அது ஒன்னும் பண்ணாது."

"பன்னெண்டு வோல்ட்டு தங்கமான புள்ள டீச்சர். யார் வம்புக்கும் போவாது. ஆனா பக்கத்துல இருநூத்தி முப்பதைப் படுக்க வெச்சீங்கன்னா, ஒரு நாள் அதுவும் இருநூத்தி முப்பதாப் பேசும். புள்ளைய குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. சேர்த்து வுட்டவங்களைச் சொல்லணும்."

யாரோடு சேருகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று மகளின் நோட்டைப் புரட்டிப் பார்க்கிற என்னிடமே இதைச் சொன்னார். எரிச்சலாக இருந்தது. நல்ல உவமை அடுத்தவர் வாயிலிருந்து வந்தால் ஆசிரியர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

மகளுக்கு மட்டும் அவரைப் பிடித்துப்போயிற்று. நாள் முழுக்க வம்பிழுப்பாள்.

"மாமா, டார்ச் லைட்டையும் பொறங்கையாலதான் தொடுவீங்களா?"

"யாரு வாங்கியாந்த டார்ச்சுன்னு பாக்கணும்."

"எங்க அப்பா வாங்கியாந்தது."

"அப்ப தொடவே மாட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. யாரையும் சமாதானப்படுத்த ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர். "பயமில்லையேண்ணா?" என்று கேட்டால், மற்ற வேலைக்காரர்கள் "ஒன்னும் ஆவாது மேடம்" என்று வாய் நிறையச் சொல்வார்கள். இவர் யோசிப்பார். யோசித்துவிட்டு, "இன்னிய தேதிக்கு இல்ல," என்பார்.

முந்தின வருடக் கடைசியில் அடித்த புயலில் கடலூரே இருட்டாகிக் கிடந்தபோதும் அவர் இப்படித்தான். கம்பங்கள் எல்லாம் சாய்ந்து, தெருத்தெருவாக ஒயர் கிடந்தது. சிதம்பரத்திலிருந்து மொபெட்டில் வந்து, தான் வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் போய், "அறுந்த ஒயரைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஜில்லாவுக்கே கரண்ட் இல்லாத வாரத்தில்! எங்கள் தெரு ஆட்கள் சிரித்தார்கள். "எவனாவது ஒருத்தன் ஜெனரேட்டரைத் தப்பா மாட்டுனா போதும்ங்க. அது தெருவுக்கே வரும்," என்றாராம். கேட்டவர்கள் அதற்கும் சிரித்தார்கள். சிரிப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாத வாரம் அது.

அந்த வருடப் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாததால், காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே தண்ணீர் மோட்டாரின் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவோம். நாம் இல்லாதபோது கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடித் தொட்டி நிறையும். எங்கள் தெரு முழுக்க அப்படித்தான். அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆளில்லாத வீட்டுல கரண்டை விருந்துக்குக் கூப்பிடுறீங்க," என்றார். தண்ணீர் இல்லாத வீட்டில் அவர் இருந்ததில்லை போலும் என்று நான் என் மனதுக்குள் பதில் சொன்னேன்.

ஐப்பசியில் ஒருநாள் யாரோ ஒருவன் கேட்டைத் தட்டித் தண்ணீர் கேட்டிருக்கிறான். மகள் கேட்டைத் திறந்து கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் போர்டிகோ கேமராவில் அவன் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. அந்தத் தொப்பியை நான் பதினோரு தடவை ஓட்டிப் பார்த்தேன். உடனே அவருக்குப் போன் போட்டு, கேமராவைக் கேட்டுக்கு மேலே இருக்கும் இரும்பு வளைவில் மாட்ட வேண்டும் என்றேன்.

"கேட்டுக்கு ஒயர் போவணும்னா தரையில குழி வெட்டி தனி பைப்பு போடணும் டீச்சர். அங்க மோட்டார் லைன் வேற போவுது. இப்ப மண்ணு ஈரம். மழை முடியட்டும்."

"அதுக்கு ரெண்டு மாசம் ஆகுமேண்ணா! ரெண்டு மாசத்துல என்ன வேணா நடக்கலாம்."

"நடக்கலாம். அதான் மழை முடியட்டுங்கிறேன்."

போனை வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். டிப்ளமோ படித்தவன். நான் நிலைமையைச் சொன்னதும், கேட் பக்கத்து மோட்டாருக்கு வீட்டிலிருந்து பூமிக்கடியில் போகும் பழைய பைப்பைக் காட்டினான். உள்ளே மோட்டாரின் கரண்ட் ஒயர் மட்டும்தான். இடம் தாராளமாக இருந்தது.

"இதுலயே வுட்டுடலாங்க்கா. பன்னெண்டு வோல்ட்டு, எறும்புகூட சாவாது."

"அவரு வேணாம்னு சொன்னாரேடா."

"அவரு காபி டம்ளருக்கே பயப்படுற ஆளு. நீ ஃபிசிக்ஸ் டீச்சருதானே? நீயே சொல்லு."

நானே சொன்னேன். "விடு" என்றேன். கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்தோம். அதுதான் பாதுகாப்பு என்று இரண்டு படித்தவர்கள் முடிவு செய்திருந்தோம். பள்ளி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த நீல டேப்பால் கேமரா ஒயரைக் கம்பியில் கட்டி, நான் இந்தப் பக்கம் தள்ள, அவன் அந்தப் பக்கம் இழுத்தான். நடுவில் ஓரிடத்தில் சிக்கியது. "இன்னும் பலமா இழுடா," என்றேன். இழுத்தான். வந்துவிட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டி.வி.யில் தெரு முனை வரை தெரிந்தது. மூன்று நாள் வேலை என்று ஊரை ஏமாற்றுகிற ஒயர்க்காரரை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். இரண்டு நாள் வெயில் அடித்தது. எதுவும் நடக்கவில்லை.

புதன்கிழமை மழை. சிதம்பரத்தில் பள்ளியை இரண்டரை மணிக்கே விட்டுவிட்டார்கள். நான் பஸ் பிடித்து, மஞ்சக்குப்பத்தில் இறங்கி, குடையோடு எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். மணி நாலு இருபதைத் தாண்டியிருக்கும். என் வீட்டு வாசலில், மழைக்கோட்டுக் குல்லாவால் முகத்தை மறைத்த ஓர் ஆள் என் மகளைப் பின்னாலிருந்து பிடித்திருந்தான். அவள் புத்தகப் பையின் இரண்டு பட்டைகளும் அவன் கையில். அவள் திமிறுகிறாள். அவன் விடவில்லை.

எத்தனையோ நாள் பஸ்ஸில் நான் பார்த்து முடித்த காட்சி. குடையை மடக்கினேனா, மடங்கிக்கொண்டதா, தெரியாது. ஓடிப்போய் அந்த ஆளின் தலையில் அடித்தேன். ஒரு தடவை இல்லை. மகள் "அம்மா, அம்மா" என்று கத்தினாள். எதிர்வீட்டு மாமா ஓடிவந்து அவன் கழுத்தைப் பிடித்தார். பையிலிருந்து அவன் பிடி விட்டதும் நான் மகளை இழுத்துக்கொண்டு, வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொள்ள, கேட்டை நோக்கிக் கையை நீட்டினேன். உள்ளங்கையைத்தான்.

முதுகில் ஓர் உதை விழுந்தது. நானும் மகளும் பக்கவாட்டில் சேற்றில் விழுந்தோம்.

"கேட்டுல கரண்டு டீச்சர்! கேட்டுல கரண்டு!"

குல்லா கழன்றிருந்தது. நெற்றியில் ரத்தம். அவர்தான்.

நடந்தது இதுதான். சீசனின் முதல் பெருமழை பெய்தால், தான் ஒயர் இழுத்த வீடுகளுக்கெல்லாம் போய், எங்கே தண்ணீர் நுழைகிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். யாரும் கூப்பிட்டது கிடையாது. அன்றைக்கு எங்கள் முறை. வந்தவர் இரும்பு வளைவில் கேமராவைப் பார்த்திருக்கிறார். கேட்டைப் புறங்கையால் தொட்டிருக்கிறார். கை உதறி விழுந்தது. பைப்புக்குள் நாங்கள் பலமாக இழுத்த இடத்தில் மோட்டார் ஒயரின் தோல் உரிந்திருந்தது. கேமரா ஒயரின் தோலும் உரிந்திருந்தது. பைப்பில் மழைத் தண்ணீர். நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும், காலையில் நான் போட்டுவிட்டுப் போன மோட்டார் சுவிட்ச் தன் கடமையைச் செய்தது. கேமரா ஒயருக்குள் இருக்கும் செம்புப் பின்னல் வழியாகக் கரண்ட் கேமராவுக்கும், அதிலிருந்து வளைவுக்கும், கேட்டுக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்று, மகள் கேட்டைத் திறக்க ஓடினாள். அவர் பையைப் பிடித்தார். "கரண்டு இருக்குது, கிட்ட போவாத" என்றால், டார்ச்சுக்கே பயப்படுகிற மாமா விளையாடுகிறார் என்று அவள் திமிறினாள். அவளை விட்டுவிட்டு கரண்டை நிறுத்தப் போகவும் முடியவில்லை. அப்போதுதான் அவளைக் காப்பாற்ற நான் வந்து சேர்ந்தேன்.

எதிர்வீட்டு மாமாவை மகளுக்குக் காவலாக நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுப் பக்கமாகச் சுவரேறிக் குதித்து எங்கள் மெயினைப் பிடுங்கினார். திரும்பி வந்து, பிடுங்கிய பிறகும், கேட்டைப் புறங்கையால் தொட்டார். பிறகு மோட்டார் பக்கம் குந்தி, பைப்பிலிருந்து ஒயரை உருவினார். உரிந்த இடம் வந்தது. அதன் பின்னாலேயே, எங்கள் முடிச்சிலிருந்து நழுவிச் சுருண்ட நீல டேப்பும் வந்தது. அந்த டேப் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஆய்வகத்துக்கு அதை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். என்னைப் பார்த்தார். நான் சேற்றைத் துடைப்பதில் மும்முரமானேன்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "யாரு மாமா இப்படிப் பண்ணது?"

யாரையும் சமாதானப்படுத்தத் தெரியாதவர், "இன்னிய தேதிக்கு இல்ல" என்பதைத் தாண்டி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர், டேப்பை விரலுக்குள் மடக்கிக்கொண்டு, "எலிம்மா," என்றார். "எலி கடிச்சிருக்குது. மழைக்காலத்துல பைப்புக்குள்ள பூந்துக்கும்."

அவள் நம்பினாள். அவர் சொல்லி அவள் நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

பஞ்சும் டிங்ச்சரும் எடுத்துவந்து, "அண்ணா, நான் உங்களை..." என்று ஆரம்பித்தேன். "பரவால்ல டீச்சர். குடைக்கு மரப்பிடி. அது நல்லதுதான்," என்றார். அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை. அடுத்த நாள் ஈரத்திலேயே குழி வெட்ட ஆரம்பித்தார்.

கணவர் அன்று மாலையே எலிப்பொறி வாங்கி வந்து, பைப் வாய்க்கு நேராக வைத்துவிட்டார். வேலைக்கு வந்தவர் அதைப் பார்த்தார். புறங்கையால் தொட்டார். "இரும்புப் பொறி மோட்டார் பக்கத்துல வேணாம் சார். மரப்பொறியா வாங்குங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் மண்ணை வெட்டினார்.

மரப்பொறி வந்தது. அதில் தினமும் மசால்வடை வைக்கும் பொறுப்பு எனக்கு. காலையில் பழையதை எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றைக் கொக்கியில் குத்தி, மோட்டார் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சிதம்பரம் பஸ்ஸுக்கு ஓடுவேன். மார்கழி வரை வைத்தேன். மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது தினமும் குனிந்து பார்ப்பாள்.

"எலி மாட்டிச்சாம்மா?"

"இன்னும் இல்லடி," என்பேன்.